முப்பத்தேழு குதிரைகள்

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் முதன்முதலாக மக்கள் முன் வந்து நின்றபோது, அதன் முன்மூடிக்குக் கீழே இருந்தது வேறொரு காருக்காகச் செய்த எஞ்சின். வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் மனத்தில் வைத்திருந்தது, சிலிண்டர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் தட்டையான எஞ்சின். அதற்காகத்தான் எஞ்சின் அறையை அத்தனை அகலமாக விட்டார். செலவு கட்டுப்படியாகவில்லை. போருக்கு முன்பு வந்த மோரிஸ் எயிட்டின் 918 சிசி எஞ்சினை எடுத்துப் பொருத்தி வண்டியை விற்பனைக்கு அனுப்பினார்கள். 1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் ஒரே நிறுவனமாக இணைந்ததும் ஆஸ்டின் ஏ30-இன் 803 சிசி எஞ்சின் உள்ளே வந்தது. 1956-ல் 948 சிசி, 1962-ல் 1098 சிசி. ஏறத்தாழ 16 லட்சம் மைனர்கள் உருவான அந்தக் காலத்துக்குள் தொழிற்சாலையே நான்கு எஞ்சின்களை மாற்றிப் பார்த்துவிட்டது.

பழைய காரின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் மாற்றலாமா, அப்படியே காக்க வேண்டுமா என்ற வாதத்தில் மைனரை முதலில் எடுப்பதற்குக் காரணம் இந்தக் கதைதான். எது அசல் என்று வண்டியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே, அது எந்த எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டு வந்தது, பிறகு எங்கே ஓடியது என்று பார்த்தாக வேண்டும்.

நாம் பார்க்கப்போகும் வண்டி ஓடிய இடம் மலாக்கா. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக நடும் வேலை 1890களில் இங்கேதான், புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் கையால் தொடங்கியது. அடுத்து புக்கிட் அசஹான். பின்னர் தெபோங், ஜாசின், மெர்லிமாவ் என்று தோட்டங்கள் பரவ, தமிழர்கள் லயன் வீடுகளில் குடியேறினார்கள். ஒரு தோட்டத்தில் கார் யாரிடம் இருந்தது என்பதை வைத்தே அதன் படிநிலையைச் சொல்லிவிடலாம். துரையிடம் பெரிய வண்டி இருந்தது. பால்மரம் வெட்டியவர்கள் நடந்தார்கள், மிஞ்சிப்போனால் சைக்கிள். இரண்டுக்கும் நடுவே பெரிய கிராணி, டிரஸ்ஸர், தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஆகியோர் கையில் வந்து சேர்ந்தவை மைனரும் ஆஸ்டினும். கல்யாணம், கருமாதி, பிரசவம் எதுவானாலும் தோட்டத்து மக்கள் அந்த வாசலில்தான் போய் நிற்பார்கள். துரைமாரின் பங்களாக்களும் வண்டிகளும் படங்களிலும் நூல்களிலும் ஏற்கெனவே பத்திரமாக இருக்கின்றன. கிராணி வீட்டு மைனரைக் காக்க அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளை விட்டால் ஆளில்லை. ஆகவே இந்த முடிவைப் பொழுதுபோக்குக்காரர்களின் சின்ன விவகாரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

1958-இல் வந்த, 948 சிசி எஞ்சின் கொண்ட, M என்று தொடங்கும் பதிவெண்ணோடு கொட்டகையில் நிற்கும் ஒரு மைனர் 1000-ஐ எடுத்துக்கொள்வோம். பேரப்பிள்ளைக்கு வேலை ஆயர் கெரோவிலோ பெகோவிலோ. பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்கள் உருவாகின்றன. வண்டியைப் பார்க்க வரும் போமன், அதாவது மெக்கானிக், சொல்லும் யோசனையை ஏறத்தாழ ஊகித்துவிடலாம்: நிஸ்ஸான் ஏ12 எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போடு, வண்டி பறக்கும். மலேசியாவில் மைனர்களுக்கு வெகுகாலமாக நடந்துவரும் மாற்றுச் சிகிச்சை இது. இசிகோனிஸ் அகலமாக விட்ட அறையில் ஏ12 தாராளமாக உட்காரும். நிஸ்ஸானுக்கும் இந்த வம்சத்தோடு பழைய உறவு உண்டு: 1952-ல் ஆஸ்டினோடு ஒப்பந்தம் செய்து, ஜப்பானில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித்தான் அது போருக்குப் பிந்திய தன் தொழிலைக் கற்றது. ஏ12 அவற்றின் நேர்வாரிசு இல்லை, புதிதாக வரைந்த எஞ்சின், ஆனாலும் அந்நியமில்லை.

இனி இயற்பியலுக்கு வருவோம்.

மைனர் 1000-இன் எஞ்சின் நிமிடத்துக்கு 4750 சுற்றில் 37 குதிரைத்திறன் தரும். விற்பனைத் தாளில் பெரிதாக அச்சாகும் எண் இது. வண்டி ஓட்டுபவரின் கால் உணர்வது வேறோர் எண்ணை: முறுக்குவிசை. அது 2500 சுற்றில் உச்சத்தைத் தொடுகிறது, சுமார் 68 நியூட்டன் மீட்டர். இப்போது டிஃபரென்ஷியலைப் பாருங்கள். அதன் விகிதம் 4.55, அதாவது நான்காவது கியரில் எஞ்சின் நாலரைச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒருமுறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், எஞ்சினின் ஒவ்வோர் 1000 சுற்றுக்கும் வண்டி மணிக்கு 24.5 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. அப்படியானால் 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கும்? 2450. முறுக்குவிசை உச்சம் காணும் இடத்துக்கு வெகு அருகே.

அலோர் காஜாவிலிருந்து மலாக்கா நகருக்கும், ஜாசினிலிருந்து மெர்லிமாவுக்கும் போகும் பழைய சாலைகளில் ஒரு சாதாரண வண்டி அன்றும் இன்றும் ஓடும் வேகம் இதுதான். ஒரு வளைவு, ஒரு பாலம், ஒரு சந்திப்பு, மறுபடியும் வளைவு. இந்த வேகத்தில் சற்றே ஏற்றம் வந்தாலும் கியரை இறக்காமல் எஞ்சின் இழுத்துக்கொண்டு ஏறும். தோட்டத்துச் செம்மண் பாதையில் இரண்டாவது கியரில் நடைவேகத்துக்குச் சற்று மேலே, அதட்டாமல், திணறாமல் போகும். 37 குதிரை என்று கேட்டுச் சிரிப்பவர்கள் அந்தக் குதிரைகளை எந்தச் சாலைக்குப் பூட்டினார்கள் என்று பார்ப்பதில்லை.

1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும் கணக்கு மாறிவிட்டது. சிம்பாங் அம்பாட், ஆயர் கெரோ, ஜாசின் வழியே போகும் அந்தச் சாலையில் வேக வரம்பு 110. அதே வகுத்தலைச் செய்தால் எஞ்சின் ஏறத்தாழ 4500 சுற்றில் கதறிக்கொண்டிருக்கும். பிஸ்டன் ஒரு சுற்றில் 76.2 மில்லிமீட்டர் ஏறி, அதே அளவு இறங்குகிறது. 4500 சுற்றில் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 11 மீட்டருக்கு மேல். மூன்றே மூன்று முக்கிய பேரிங்குகளில் சுழலும் கிராங்க் தண்டு இதைக் கொஞ்ச நேரம் தாங்கும்; ஜொகூர் பாரு வரை தாங்கச் சொல்வது கொடுமை. காற்றுத் தடையும் சேர்ந்துகொள்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், 90-இலிருந்து 110-க்குப் போக அது 1.8 மடங்காகிறது.

அப்படியானால் எஞ்சினை விட்டுவிட்டு ஐந்து கியர் பெட்டியை மட்டும் போட்டால் என்ன? பலருக்கும் தோன்றும் யோசனை, பார்வைக்கு அழகானதும்கூட. ஐந்தாவது கியரின் விகிதம் 0.82 என்று வைத்தால் 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3700 சுற்றுக்குக் கீழே இறங்கிவிடும். சத்தம் குறையும். ஆனால் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. சுற்றைக் குறைத்தால் எஞ்சின் தரக்கூடிய திறனும் குறையும். காற்றோ அதே அளவைத்தான் கேட்கிறது. சமதளத்தில் எப்படியோ ஒப்பேற்றும். சின்ன மேட்டிலேயே நான்காவதுக்கு இறக்க வேண்டிவரும். கியர் எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பங்கிட்டுத் தருகிறது. புதிய கியர்பெட்டி கேட்பவர் கூடவே புதிய எஞ்சினும் கேட்க நேர்வது இதனால்தான்.

சரி, ஏ12 போட்டாயிற்று. 1171 சிசி, அலுமினியத் தலை, கிராங்க் தண்டுக்கு ஐந்து பேரிங். 68 குதிரைத்திறன், 95 நியூட்டன் மீட்டர் என்று நிறுவனம் சொன்னது. விசிறி, சைலன்ஸர் போன்ற சுமைகளைக் கழற்றிவைத்து அளப்பது அக்கால ஜப்பானிய வழக்கம் என்பதால் உண்மையில் கையில் கிடைப்பது கொஞ்சம் குறைவு. ஆனாலும் பழைய எஞ்சினை விட வெகுவாக அதிகம். இந்தக் கூடுதல் விசை எங்கே போகிறது? கிளட்ச், கியர்பெட்டி, புரொப்பெல்லர் தண்டு, டிஃபரென்ஷியல், அங்கிருந்து இரு சக்கரங்களுக்கும் போகும் அரையச்சுகள். முதல் கியர் முறுக்குவிசையை மூன்றரை மடங்குக்கு மேல் பெருக்குகிறது; டிஃபரென்ஷியல் இன்னொரு நாலரை மடங்கு. பழைய எஞ்சினில் பின்சக்கரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது மொத்தமாக 1100 நியூட்டன் மீட்டர் அளவு. ஏ12-உம் அதன் கியர்பெட்டியும் சேர்ந்தால் கணக்குப்படி 1600. மைனரின் அரையச்சு இதற்காகச் செய்ததில்லை. கூடுதல் திறன் ஏற்றிய மைனர்களில் அரையச்சு முறிவது உலகெங்கும் தெரிந்த நோய்.

ஒரு உருளைத் தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே வலிமை 33 சதவீதம் கூடிவிடும். ஆனால் தடித்த தண்டை உள்ளே விட அச்சுக்கூட்டில் இடமும், பற்கள் கடிக்க வேறு டிஃபரென்ஷியலும் வேண்டும். ஆக, பின்னச்சு முழுவதையும் வேறொரு வண்டியிலிருந்து கொண்டுவர வேண்டும். அதன் அகலம் ஒத்துவராது. வெட்டி ஒட்ட வேண்டும். எஞ்சினில் தொடங்கிய மாற்றம் கண்ணி கண்ணியாகப் பின்னால் நகர்ந்து, வண்டியின் கடைசி போல்ட் வரை போய்விடுகிறது. போமன் சொன்ன விலை முதல் கண்ணிக்கு மட்டும்தான்.

இன்னும் பிரேக்குக்கு நாம் வரவே இல்லை. என் பார்வையில் பேச்சைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான். மைனர் 1000 நான்கு பேரோடு ஏறத்தாழ 1000 கிலோ. 90 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 312 கிலோஜூல், 110-இல் 467. பிரேக் அழுத்தும்போது இந்த ஆற்றல் அத்தனையும் வெப்பமாகிறது. சாதாரணத் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமானது முதல் அளவு. ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் கொதிக்கவைக்கும் இரண்டாவது. அதை வாங்கிக்கொள்ள இருப்பவை ஏழு அங்குல டிரம்கள் நான்கு. வெப்பத்தில் டிரம் விரிந்து, உள்ளே அழுத்தும் லைனிங்கை விட்டு விலகுகிறது. மிதி இன்னும் ஆழமாகப் போகிறது. லைனிங் சூடேறி உராய்வு குறைகிறது. வேகம் 22 சதவீதம்தான் கூடியது. வெப்பம் 49 சதவீதம் கூடிவிட்டது. இவ்வளவு கூடுதல் திறன் உள்ள எஞ்சினைப் போட்டுவிட்டு டிரம்மை அப்படியே விடுவதை நான் மாற்றம் என்று சொல்ல மாட்டேன். அது ஆபத்து.

மறுபக்கம், அசல் எஞ்சினையே வைத்திருப்பவரும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டால் குறை சொல்ல மாட்டேன். அன்றைய சாலையில் அவருக்கு முன்னால் போனது இன்னொரு மைனர், அல்லது லோரி. இன்று முன்னால் போகும் பெரோடுவா அவரை விட வெகு சீக்கிரம் நிற்கும். மைனருக்கென்று செய்த டிஸ்க் செட்டுகள் இருக்கும் துளைகளிலேயே போல்ட்டில் பூட்டிக்கொள்ளும். பழைய டிரம்மை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் என்றைக்கும் திரும்பப் போடலாம்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுவே: திரும்ப வர முடியுமா? மலாக்கா நகரம் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு, பழைய செங்கல் சுவரில் சிமெண்டைப் பூசாதே, சுண்ணாம்பைப் பூசு என்று பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்வதும் இதே எண்ணத்தில்தான். சிமெண்டைப் பெயர்த்தால் செங்கல்லும் சேர்ந்து வரும். வண்டிகளுக்கும் அப்படியொரு சாசனம் உண்டு. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2012-இல் தூரின் சாசனத்தை ஏற்றது. 30 வயதான, சரித்திர நிலையில் காக்கப்படும் வண்டியை அது பண்பாட்டுச் சொத்தாகப் பார்க்கிறது. வண்டி தன் வாழ்நாளில் பெற்ற தடங்களுக்கும் அதில் மதிப்பு உண்டு.

மலாக்காவுக்கு இந்தக் கடைசிக் கருத்து முக்கியமானது. 1970களிலோ 80களிலோ அசல் எஞ்சின் தேய்ந்துபோய், இங்கிலாந்திலிருந்து உதிரிப்பாகம் வராமல், பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஏ12 போட்டுக்கொண்ட மைனர்கள் உண்டு. அப்படிப்பட்ட வண்டியிலிருந்து ஏ12-ஐக் கழற்றி எறிந்துவிட்டு, பிரிட்டனிலிருந்து 948 சிசி எஞ்சினை வரவழைத்துப் போட்டால், அது அசலுக்குத் திரும்பியதாக ஆகுமா? கண்காட்சியில் பரிசு கிடைக்கலாம். ஆனால் உள்ளூர் போமன் ஒருவர் தன் கையால் பற்றவைத்த எஞ்சின் தாங்கிகளும், அந்தக் குடும்பம் அதன் பிறகு ஓட்டிய ஆண்டுகளும் அழிந்துவிடும். அந்த ஏ12-ஐ நான் தொட மாட்டேன். இந்தியாவில் அம்பாசடருக்கு நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அந்த வண்டிக்கு 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸே இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் கொடுத்தது. இசுஸு அம்பாசடரை யாரும் கலப்படம் என்பதில்லை. அதுவும் அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு கட்டம்.

நம் 1958 மைனரின் நிலை வேறு. அதன் அசல் எஞ்சின் உள்ளேயே இருக்கிறது. அதற்கு உண்மையில் என்ன குறை? பெட்ரோல் ஒன்று. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரிந்தபின் படியும் ஈய உப்புகள் வால்வுக்கும் அது வந்து அமரும் இருக்கைக்கும் நடுவே மெத்தைபோலக் கிடந்து, சூட்டில் இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தன. ஈயம் போனபின், அதிக வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் வார்ப்பிரும்பு இருக்கை மெல்ல மெல்லக் குழிந்துகொண்டே போகும். கண்டுபிடிப்பது எளிது: 0.30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வால்வு இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அதுதான். தலையைக் கழற்றிக் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பதித்துவிட்டால் அதோடு தீர்ந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. ஆக்டேன் பற்றிக் கவலையே வேண்டாம். 8.3 அழுத்த விகிதம் உள்ள எஞ்சினுக்குப் பம்பில் கிடைக்கும் ரோன்95 தாராளம்.

இரண்டாவது குறை சூடு. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக்குழாய்ப் பல்கிளையும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. மலாக்கா வெயிலில் வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கும். நடுவே ஒரு வெப்பத்தடுப்புத் தகடும், தடித்த கேஸ்கெட்டும் போதும். மூன்றாவது மின்சாரம். பழைய லூக்காஸ் டைனமோ ஓடும்போது சுமார் 20 ஆம்பியர், அதாவது 240 வாட் அளவே தரும். வண்டி நின்று உறுமும்போது ஏறத்தாழ ஒன்றுமில்லை. மழை பெய்யும் சனிக்கிழமை மாலை, விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு மலாக்கா நகர நெரிசலில் நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். ஆல்டர்னேட்டர் மாற்றுவது ஒரு மதியத்து வேலை, திரும்பவும் மாற்றலாம். ஏர்கான் வேண்டும் என்பவருக்கு மட்டும் என் பதில் இல்லை என்பதே. 37-இல் நான்கைந்து குதிரையை அதற்குக் கொடுத்துவிட்டால் ஏற்றத்தில் என்ன மிஞ்சும்?

மின்மோட்டார் பற்றியும் கேட்பார்கள். 2018-ல் பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணத்தில் மின்சார ஜாகுவார் ஈ-டைப் ஓடியதிலிருந்து இந்த ஆசை பரவலாகிவிட்டது. அடுத்த ஆண்டே ஃபீவா, இப்படி மாற்றிய வண்டியைத் தன்னால் ஊக்குவிக்க முடியாது என்றும், மாற்றியே தீர்வதானால் கழற்றியவை அனைத்தையும் அடையாளமிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் சொல்லியது. எண்களும் மைனருக்குச் சாதகமாக இல்லை. முதல் தலைமுறை நிஸ்ஸான் லீஃபின் 24 கிலோவாட் மணி பேட்டரி 300 கிலோவுக்குச் சற்றே குறைவு. மைனரின் எடையே 775 கிலோ. அந்த மோட்டாரின் முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டர், அதுவும் வண்டி நகரத் தொடங்கும் கணத்திலேயே. அரையச்சின் கதி மேலே சொன்னதுதான். எஞ்சின் இல்லாத வெறும் கூடு ஒன்று கையில் இருப்பவர் முயன்று பார்க்கட்டும். நம் வண்டிக்கு வேண்டாம்.

அரசாங்கத் தாள்களும் இதில் உண்டு. மலேசியாவில் எஞ்சின் எண் பதிவு அட்டையில் இருக்கிறது. மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் வேண்டும். 948 சிசிக்கு ஆண்டுக்கு 20 வெள்ளியாக இருக்கும் ரோட்டேக்ஸ், 1171 சிசிக்கு 55 ஆகும். தொகை சிறியது. பதிவில் மாறிவிடும் எண்தான் பெரியது; அந்த வண்டி 1958-இலிருந்து அதே வண்டியாக இருந்ததற்கு எழுத்தில் உள்ள சாட்சி அதுதான்.

ஆகவே இந்த மைனருக்கு என் முடிவு: எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சு மூன்றும் இருந்தபடியே. முன்னால் டிஸ்க், ஆல்டர்னேட்டர், வால்வு இருக்கை, சீட் பெல்ட். வேலைக்கு வேறு வண்டி. இதைப் பழைய சாலையில், 60, 70-இல். பேரப்பிள்ளைக்குத் தினமும் நெடுஞ்சாலையில் இதிலேயே போயாக வேண்டும், வேறு வண்டிக்கு வழியில்லை என்றால், ஏ12 போடட்டும். பிரேக்கை முதலில் மாற்றி, எஞ்சினை அதன் பிறகு. குறுக்குச் சட்டத்தை வெட்டாமல், போல்ட்டில் பூட்டும் தாங்கிகளோடு. ஐந்தாவது கியரை நம்பி 110-இல் ஓட்டாமல்.

அப்படிக் கழற்றிய 948-ஐக் கொட்டகையில் சும்மா போட்டுவிடக் கூடாது. ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த காற்றில் வார்ப்பிரும்பு சிலிண்டர் வெகு சீக்கிரம் துரு பிடித்து, பிஸ்டன் வளையங்கள் சுவரோடு இறுகிவிடும். தண்ணீரை முழுவதுமாக வடித்து, பழைய எண்ணெயை மாற்றி, ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயை விட்டுக் கையால் சில சுற்றுச் சுற்ற வேண்டும். எல்லா வாய்களையும் அடைத்து, சிமெண்டுத் தரையில் வைக்காமல் மரக்கட்டைமேல் ஏற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை கிராங்கைத் திருப்பிவிட வேண்டும். எஞ்சின் எண் பொறித்த தகட்டின்மேல் பெயிண்ட் அடிக்காமல், கிரீஸ் மட்டும் தடவி வைக்க வேண்டும்.